மருந்துக் கொப்பியும் இன்னொரு கொப்பியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 47. வெள்ளவத்தையில் இரண்டு அறைகள் கொண்ட தொடர்மாடி வீட்டில் அம்மாவுடன் வசிக்கிறேன். பாரிசவாதத்தால் அம்மாவின் வலப்பக்கம் இயங்காமல் போய்ப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. அவரைப் பராமரிப்பதற்காக வேலையை விட்டேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா தவறாமல் பணம் அனுப்புகிறார். நாள்தோறும் வீடியோவில் வந்து அறிவுரையும் சொல்கிறார். மருந்து நேரத்தையும் பிரஷர் அளவையும் ஒரு கொப்பியில் குறித்து, இரவில் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். மனதில் இருப்பதை எழுதினால் பாரம் குறையும் என்று தோழி ஒருத்தி சொன்னதால் அழகான நாட்குறிப்பு ஒன்றை வாங்கினேன். மூன்றாம் நாள் எழுதியது முழுவதும் அம்மாவின் மீதான கோபமாகவே இருந்தது. பயந்துபோய்ப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். எழுதிய பிறகு மனம் முன்னைவிடக் கனத்தது. பாடசாலையை விட்ட பின் எதுவும் எழுதாத எனக்கு இது சரிவருமா?

– ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: சகோதரி, போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்ட அந்த மருந்துக் கொப்பியிலிருந்தே தொடங்குவோம். பதினொரு மாதங்களாக நாள்தோறும் எழுதிவரும் ஒருவர் “எதுவும் எழுதாத எனக்கு” என்கிறார்! எழுதும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது. அது நாட்குறிப்பில் மட்டும் ஏன் நின்றுபோனது என்பதே கேள்வி. மருந்துக் கொப்பி உங்களிடம் நேரத்தையும் எண்ணையும் மட்டுமே கேட்கிறது. அழகான அட்டை போட்ட நாட்குறிப்போ, திறந்தவுடனேயே உங்கள் மனதைக் கேட்கிறது. களைத்துப்போயிருக்கும் ஒருவரிடம் அது பெரிய கேள்வி.

ஆகவே அந்த நாட்குறிப்பை யாருக்காவது கொடுத்துவிட்டு, பிள்ளைகள் வாங்கும் 80 பக்க சி.ஆர். கொப்பி ஒன்றை வாங்குங்கள். மருந்துக் கொப்பியில் எழுதுவதைப் போலவே இதிலும் திகதி, நேரம், நடந்தது என்ற வரிசையில் எழுதுங்கள். “காலை 6.40. அம்மா கஞ்சியைத் துப்பிவிட்டார். விரிப்பை இரண்டாம் தடவை மாற்றினேன். அண்ணா எடுத்தார். அம்மா மெலிந்துவிட்டார் என்றார். நான் போனை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.” இவ்வளவுதான். இதில் கோபம் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அது வருகிற நாளில் வரட்டும். தமிழில் நெடுங்காலம் நாட்குறிப்பு எழுதியவர்களில் ஒருவரான புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய பக்கங்களிலும் கப்பல்கள் வந்ததும் வணிகமும் கவர்னரின் பேச்சுமே நிறைந்திருக்கின்றன என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எழுதியபின் மனம் கனத்தது என்கிறீர்கள். அதைத் தோல்வியின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், சான்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடங்கள் எழுதினார்கள். தமக்கு நேர்ந்த துன்பத்தையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதி முடித்தவுடன் மனம் தளர்ந்தது. இரத்த அழுத்தமும் ஒப்பீட்டளவில் உயர்ந்திருந்தது. அதே மாணவர்கள்தான் அடுத்த ஆறு மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைந்த தடவைகள் மருத்துவ நிலையத்துக்குச் சென்றார்கள். பின்னர் வந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரிப் பயன் சிறியது என்றும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்றும் தெரிந்தது. எனவே உங்கள் தோழி சொன்னதைப் போல உடனே பாரம் இறங்கும் என்று எதிர்பார்க்காமல், அம்மா மதியம் கண்ணயரும் வேளையில் கால் மணி நேரம் எழுதிப் பாருங்கள். இரவில் படுக்கப் போகுமுன் வேண்டாம். தாங்க முடியாது என்று தோன்றினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வேறொன்றை எழுதலாம் என்பது பென்னிபேக்கரே சொல்லும் விதி.

கோபத்தைப் பற்றி. பல ஆண்டுகளுக்கு முன் நோயில் கிடந்த என் தந்தையைப் பராமரித்த நாட்களில், “இன்றைக்காவது இவர் என்னைக் கூப்பிடாமல் இருக்கட்டும்” என்று எழுதிவிட்டு, அந்தத் தாளை மடித்து அரிசி வாளியின் அடியில் ஒளித்தவன் நான். அடுத்த ஐந்தாவது நிமிடம் அவர் கூப்பிட்டார்; எழுந்து போனேன். எழுதியதும் உண்மை, எழுந்து போனதும் உண்மை. உங்கள் பக்கங்களைக் கிழித்ததில் தவறில்லை. ஒளித்து வைக்க இடமில்லாத வீட்டில் கிழிப்பதும் ஒரு பாதுகாப்புத்தான். ஆனால் எழுதும்போதே கிழிக்கப்போவதாக முடிவு செய்துகொண்டால் கை தயங்காது. வைத்திருக்க விரும்பினால், அண்ணாவுக்குப் படம் போகும் கொப்பியிலிருந்து இதைத் தள்ளியே வையுங்கள்.

ஒரே வசனம் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருமானால், அதன் கீழே “ஏனென்றால்” என்று எழுதி அந்த வரியை முடித்துப் பாருங்கள். காரணம் தேடும் சொற்கள் நாளுக்கு நாள் கூடிய எழுத்துகளே எழுதியவருக்கு அதிகம் உதவின என்பதும் பென்னிபேக்கர் கண்டதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுத்து உங்களுக்குப் பதிலாக இரவில் விழித்திருக்காது. ஒரு மாதம் கழித்துக் கொப்பியைப் புரட்டி, எத்தனை இரவுகள் மூன்று தடவைக்கு மேல் எழுந்தீர்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணை மட்டும் அண்ணாவுக்கு அனுப்பி, வாரத்தில் இரண்டு இரவுகளுக்குத் துணைக்கு ஒருவரை அமர்த்தும் செலவைக் கேளுங்கள். “எனக்குக் கஷ்டமாக இருக்கிறது” என்றால் அறிவுரைதான் வரும். எண்ணுக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் போயிருந்தால், அல்லது உயிர்மீது வெறுப்பு எழுதுகிற வரிகளில் தலைகாட்டினால், கொப்பியை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கேள்வி: கைத்தொலைபேசியில் எழுதினால் போதாதா? எந்த மொழியில் எழுதுவது? எனக்குப் படிப்பு ஆங்கிலத்தில், வீட்டில் தமிழ், வேலையிடத்தில் சிங்களம்.

– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: போதும். ஆனால் எழுதும் கால் மணி நேரத்துக்கு இணையத் தொடர்பை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் நான்காவது வரியில் யாராவது செய்தி அனுப்புவார்கள். மொழியைப் பொறுத்தவரை, சண்டை வந்தால் உங்கள் வாயில் எந்த மொழி முதலில் வருகிறதோ அதில் எழுதுங்கள். மூன்றும் கலந்து வந்தால் கலந்தே எழுதுங்கள். திருத்தப்போகிற ஆசிரியர் யாரும் இல்லை.