ஒரே வட்டாரத்தில் நான்கு ஆரம்பப்பள்ளிகள்: எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளி, பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு சிறிய தமிழ்ப்பள்ளிகள், மலாய்மொழியில் நடக்கும் ஒரு தேசியப் பள்ளி. மகனை முதலாம் ஆண்டில் எங்கே சேர்ப்பது?

முதலில் பழைய தேர்ச்சி விகிதங்களை ஒதுக்கி வையுங்கள். ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கத் தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் 'அது நிறைய ஏ எடுத்த பள்ளி' என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. தேர்வு இருந்த காலத்திலேயே சிறிய பள்ளிக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. ஆறாம் ஆண்டில் 8 பேர் மட்டும் படித்தால், ஒரு பிள்ளை தவறினாலே தேர்ச்சி 12.5 விழுக்காடு சரியும். மறுவருடம் அதே ஆசிரியர்கள், அதே பாடம், தேர்ச்சி மட்டும் நூற்றுக்கு நூறாக இருக்கும்.

இப்போது தரப்படும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலையும் பள்ளிகளை ஒப்பிட உதவாது. அது அந்தந்த ஆசிரியர் வகுப்பறையில் பார்த்து இடும் மதிப்பீடு. மேல் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் ஆண்டு இறுதித் தேர்வையும் அவர்கள் பள்ளி ஆசிரியர்களே திருத்துகிறார்கள். ஒரே பிள்ளையின் போன வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒப்பிட அது நல்ல கருவி, அவ்வளவுதான்.

தோட்டப் பள்ளியில் முதலில் கேட்க வேண்டியது: கூட்டு வகுப்பு உண்டா? பள்ளி முழுவதற்கும் 150 பேருக்கும் குறைவாக இருந்தாலே கல்வி அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. 30 பேருக்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் படிப்பிக்கும் நிலை வரும். ஓர் ஆசிரியர் ஒரு பாட நேரத்தைப் பாதியாகப் பிரித்து இரு பக்கமும் ஓட வேண்டியிருக்கும். திறமையான ஆசிரியர் அதைச் சமாளிப்பார், ஆனால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது கடினம். இன்றைய எண்ணிக்கையோடு நிறுத்தாமல், பாலர் வகுப்பில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அங்கே 3 பேர்தான் என்றால் அடுத்த வருட முதலாம் ஆண்டின் அளவு இப்போதே தெரிந்துவிடும். செம்பனைத் தோட்டங்களில் குடும்பங்கள் டவுனுக்கு நகர்ந்துகொண்டே இருக்கின்றன, அதனால் இந்த ஒரு எண்தான் பள்ளியின் வருங்காலத்தைச் சொல்லும்.

அடுத்தது மலாய்மொழி. இதில் நேரம் செலவழியுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து முடிக்கும் பிள்ளையின் மலாய்மொழி அடைவு போதாவிட்டால், இடைநிலைப் பள்ளியின் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார வேண்டிவரும். தலைமையாசிரியரிடம் நேரம் கேட்டுப் போய், மூன்றாம் ஆண்டு மலாய்மொழி எழுத்துப் பயிற்சிப் புத்தகங்கள் பத்தைக் காட்டச் சொல்லுங்கள். பத்திலும் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் காற்புள்ளி என்றால் அது வெண்பலகையைப் பார்த்து எழுதியது. பிழையோடு சொந்த வாக்கியமும், பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தமும், அதன்கீழ் பிள்ளை திரும்ப எழுதியதும் இருந்தால் அங்கே படிப்பு நடக்கிறது. சுத்தமான புத்தகத்தைவிடத் திருத்தம் நிறைந்த புத்தகத்தையே நம்புவேன். தமிழ்க் கட்டுரைப் புத்தகத்தையும் இதேபோல் பாருங்கள்.

பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகப் படிப்பிக்கும் குறைநீக்கல் ஆசிரியர் முழுநேரமாக இருக்கிறாரா, அல்லது ஆசிரியர் விடுப்பில் போகும்போதெல்லாம் அவரைத்தான் மாற்றாக அனுப்புகிறார்களா? எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இந்த ஒரு பதில் போதும். மூன்று வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர் எத்தனை பேர், தற்காலிக ஆசிரியர் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். இடமாற்றம் அடிக்கடி நடக்கும் பள்ளியில் நல்ல திட்டம்கூட வேர் பிடிக்காது.

நிலம் யாருடையது என்பதும் முக்கியம். தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் இருக்கும் பள்ளி பெரும்பாலும் பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கமே தருகிறது, ஆனால் புதுக் கட்டடம், பெரிய பழுதுபார்ப்பு எல்லாம் இழுத்தடிக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் சுறுசுறுப்பாக இருந்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். கழிப்பறையையும் நூலகத்தையும் நேரில் பாருங்கள்.

வேன்: பிள்ளை எத்தனை மணிக்கு ஏறுகிறான், எத்தனை வீடு சுற்றிப் போகிறது, புறப்பாட நாளில் மதியம் காத்திருக்குமா, மழைக்காலத்தில் தோட்டத்து மண்சாலையில் ஓடுமா. விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்ப வேண்டிய பிள்ளை காலைப் பத்து மணிக்கு வகுப்பில் தூங்கி வழிவான்.

தேசியப் பள்ளியை நினைத்தால், 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க 1996 கல்விச் சட்டம் வழி செய்கிறது. சட்டத்தில் இருப்பது வேறு, கால அட்டவணையில் இருப்பது வேறு. வாரம் எத்தனை பாடவேளை, பள்ளி நேரத்திலா மதியத்திலா, ஆசிரியர் நிரந்தரமா என்று அட்டவணையைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

என் கருத்து இதுதான்: ஆண்டுக்கு ஒரு தனி வகுப்பும், 10 முதல் 20 பிள்ளைகளும், முழுநேரக் குறைநீக்கல் ஆசிரியரும் உள்ள தோட்டப் பள்ளி, 35 பேர் நெருக்கியடிக்கும் டவுன் வகுப்பைவிட மேல். கூட்டு வகுப்பு வந்துவிட்டது, பாலர் வகுப்பும் வற்றிவிட்டது என்றால் டவுன் பள்ளிக்கே போங்கள். ஆரம்பத்திலேயே பதிந்துவிடுங்கள், ஏனென்றால் டவுனில் இடம் நிறைந்த பிறகு மாற்றம் கேட்டு கோலகங்சார் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அலைய வேண்டிவரும்.