டிரோனில் ஒரே இடத்தை மாதக்கணக்கில் எடுத்துச் சேர்த்தால் படம் குதிக்கிறது, என்ன செய்வது?

வீடு கட்டுவதை வாராவாரம் டிரோனில் எடுக்கிறேன், சேர்த்து ஓட்டினால் படம் குதிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே குதிப்பால் எனக்கு ஒரு சம்பா பருவமே வீணாகியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம் ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். நாற்றுவிட்டதிலிருந்து அறுவடை வரை மேலிருந்து ஒரே கோணத்தில் எடுத்து அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. ஐம்பது வருஷமாக வரப்பில் நின்று பார்த்த மனிதர், மேலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. 2023-ல் தொடங்கினேன். முந்தைய படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கண்ணளவில் பொருத்தி எடுப்பேன். சில நாள் வீட்டு மாடியிலிருந்து ஏற்றுவேன், சில நாள் களத்திலிருந்து, சில நாள் ரோட்டோரத்திலிருந்து. திரையில் எல்லா நாளும் 60 மீட்டர் என்றுதான் காட்டியது. அந்த வருஷம் மேட்டூரை அக்டோபர் 10-ம் தேதியே அடைத்துவிட்டதால் பயிரும் சரியில்லை. அறுப்பு முடிந்து படங்களைச் சேர்த்து ஓட்டியபோது தென்னை மரங்கள் எல்லாம் அங்குமிங்கும் தாவின. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு வலிக்குதுப்பா, நிறுத்து" என்றார்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. திரையில் காட்டும் உயரம் கடல் மட்டத்திலிருந்தும் இல்லை, கீழே இருக்கும் தரையிலிருந்தும் இல்லை. கிளம்பிய இடத்தைப் பூஜ்ஜியமாக வைத்து, காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் கணக்கு அது. மாடியிலிருந்து கிளம்பினால் அந்த 60 மீட்டரோடு மாடி உயரமும் சேரும். நீங்களும் ஒரு நாள் ரோட்டிலிருந்து, ஒரு நாள் போட்டு முடித்த தளத்திலிருந்து ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை இன்றோடு நிறுத்துங்கள்.

2024-ல் ஒரே இடத்தை முடிவு செய்தேன். எங்கள் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் இரண்டடிக்கு இரண்டடி சிமென்ட் மேடை ஒன்று உண்டு. அதில் சிவப்பு எனாமல் பெயின்டால் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து ஒரு அம்புக்குறி. டிரோனின் வயிறு கூட்டல் குறியில், மூக்கு அம்புக்குறியில். செயற்கைக்கோள் எண்ணிக்கை நிலையாகும் வரை காத்திருந்துதான் ஏற்றுவேன். உயரம், கேமராச் சாய்வு, திசைப் பாகை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, எண்ணைப் பார்த்தே நிறுத்துவேன். கண்ணை நம்பவே கூடாது. உங்கள் சைட்டில் மணல் மேடும் ஜல்லிக் குவியலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் தெருவில் அசையாத ஒன்றை, ஒரு சிறுபாலத்தையோ சாக்கடை மூடியையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஜிபிஎஸ் ஒன்றரை மீட்டர் வரை தள்ளி நிறுத்தும். குறித்து வைத்த புள்ளிகளுக்குத் தானாகவே போய் நிற்கும் வேபாயின்ட் வசதி உள்ள டிரோனுக்கும் இதே கதைதான், ஏனென்றால் அதுவும் ஜிபிஎஸ்ஸைத்தான் நம்புகிறது. தரையை மட்டும் பார்த்தால் இது பெரிய விஷயமில்லை, எடிட்டிங்கில் படத்தை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். உயரமான பொருள்தான் தொல்லை. 60 மீட்டரிலிருந்து நேர் கீழே பார்க்கும்போது டிரோன் ஒன்றரை மீட்டர் தள்ளினால், 15 மீட்டர் தென்னையின் உச்சி தரையை ஒப்பிட அரை மீட்டர் நகர்ந்து தெரியும். எந்த மென்பொருளாலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. நிலத்தைப் பொருத்தினால் மரம் ஆடும், மரத்தைப் பொருத்தினால் நிலம் ஆடும். எது ஆடக் கூடாது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் நிலத்தைப் பிடித்துக்கொண்டேன். மதகு, மோட்டார் கொட்டகையின் அடி, இரண்டு வரப்பு முக்குகள் என நான்கு புள்ளிகள், எல்லாம் தரை மட்டத்தில். உங்களுக்கு இது இன்னும் முக்கியம். வளரும் கட்டடத்தை வைத்துப் பொருத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டின் அடி, தெரு முக்கு, மின்கம்பத்தின் அடி, இப்படி எடுங்கள்.

ஆர்டிகே, அதாவது ஜிபிஎஸ் பிழையை உடனுக்குடன் திருத்தும் வசதி உள்ள டிரோன் வாங்கினால் சென்டிமீட்டர் கணக்கில் நிற்குமே என்று பின்னூட்டத்தில் யாராவது சொல்வார்கள். நிற்கும், நான் மறுக்கவில்லை. அந்த விலைக்கு எங்கள் ஆறு மாவுக்கு எத்தனை வருஷம் உரம் போடலாம் என்றும் யோசிக்கிறேன். கம்பம் நட்டு கேமரா வைக்கலாமே என்பவர்கள், நடு வயலில் 60 மீட்டர் கம்பத்தை யார் நடுவது என்றும் சொல்ல வேண்டும்.

வெளிச்சம் அடுத்த விஷயம். நிழல் குறைவாக இருக்கும் என்று உச்சி வேளையில் எடுத்தேன். ஆகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் எங்கள் ஊருக்கு வடக்கே இருந்ததால் தென்னை நிழல் தெற்கே விழுந்தது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நேர் உச்சிக்கு வந்து காலடியில் சுருண்டது. அப்புறம் வடக்கே திரும்பி, டிசம்பரில் அதே மரத்துக்குப் பத்து மீட்டர் நிழல். முதலில் இது எரிச்சலாக இருந்தது, பிறகு அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. வருஷம் திரும்புவதை அந்த நிழல் காட்டுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது, எல்லா நாளும் ஒரே மணிக்கு எடுப்பது, படத்தின் நிறச் சாயலை முடிவு செய்யும் வைட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒரே எண்ணில் பூட்டுவது, கேமரா எதையும் சுருக்காத ரா கோப்பாக எடுப்பது, ஒவ்வொரு தடவையும் இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக என மூன்று எக்ஸ்போஷரில் எடுத்துக்கொள்வது. மேகமூட்ட நாள் படத்தை வெயில் நாளோடு சேர்க்க அந்த மூன்றும் வேண்டியிருக்கும்.

ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் படித்துறையில் பெண்கள் குளிப்பார்கள். நான் முதலில் சொல்லாமல் பறக்கவிட்டு, பக்கத்து வீட்டு அத்தை வந்து கேட்டது நியாயம். படத்தைக் காட்டி, படித்துறை வராதபடி திசையைத் திருப்பிய பிறகுதான் தொடர்ந்தேன். எங்கே டிரோன் பறக்கலாம் என்று அரசு நிறம் பிரித்துக் காட்டும் வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 250 கிராமுக்கு உட்பட்ட நானோ டிரோனுக்கு பைலட் உரிமம் வேண்டாம் என்று 2021 டிரோன் விதிகள் சொன்னாலும், சிவப்பு மண்டலத்தில் அனுமதியில்லாமல் அதையும் ஏற்றக் கூடாது.

2024-ல் மேட்டூர் ஜூலை 28-ம் தேதிதான் திறந்தது. பொன்மணி நெல் விட்டோம். வாரம் இரண்டு தடவை ஏற்றினேன். நவம்பர் கடைசி வாரத்தில் டெல்டா முழுக்க அடித்த மழையில் எங்கள் வயலும் மூழ்கியது. மழை விட்ட ஒரு இடைவெளியில் மேடைக்குப் போனேன். சிவப்புக் குறி முழங்கால் தண்ணீருக்கு அடியில் இருந்தது. காலால் தடவிக் கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஸ்டூலின் உயரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு ஏற்றினேன். திரையில் பயிரே இல்லை, வானம்தான் தெரிந்தது. அன்றைக்கு எடுக்க வேண்டாம் என்று மனசு சொன்னது, எடுத்தேன்.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் படங்களைத் தேதியோடு எடுத்துக்கொண்டு பயிர்க் காப்பீட்டுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். உங்கள் வயலைத் தனியாகப் பார்க்க முடியாது, ஊர்ச் சராசரிதான் என்றார்கள். நெல் மூழ்குவதைத் தனி வயல் பாதிப்பாகப் பார்க்கும் வழியை 2018-லேயே எடுத்துவிட்டார்களாம். மூழ்கிய பயிரை மதிப்பிடுவது கடினம் என்பது ஒரு காரணம். என் கையில் மூழ்குவதற்கு முன் நாள், மூழ்கிய நாள், வடிந்த நாள் எல்லாம் ஒரே கோணத்தில் இருந்தன. 2026 காரிஃப் (மழைக்காலச் சாகுபடி) பருவத்திலிருந்து மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். நல்லதுதான், எங்களுக்கு அந்த வருஷம் போனது போனதுதான்.

சரி, சேர்ப்பதற்கு வருகிறேன். ஜனவரி கடைசி வரை 52 படங்கள். ஒரு படத்துக்கு ஒரு ஃபிரேம் என்றால், நொடிக்கு 25 ஃபிரேமில் இரண்டே நொடியில் முடிந்துவிடும். இது தெரியாமல் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒவ்வொரு படத்தையும் எட்டு ஃபிரேம் நீட்டி, அடுத்ததோடு கரையவிட்டேன். பதினாறு நொடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. வெட்டி ஒட்டாமல் கரையவிட்டால் சின்னக் குதிப்புகளும் அமுங்கிவிடும்.

அப்பா அதை ஏழெட்டுத் தடவை பார்த்தார். தண்ணீர் வடியும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, ஈசான மூலையில் விரலை வைத்து, "மத்த இடமெல்லாம் வடிஞ்சப்பறம் இங்க மட்டும் நிக்குது பாரு, பள்ளம்" என்றார். அந்தக் கோடையில் அங்கே நாலு டிப்பர் வண்டல் அடித்தோம்.

இதுவரை எடுத்த படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரோட்டிலிருந்து ஏற்றியவற்றைத் தனியாகப் பிரித்து, நான்கு தரைப் புள்ளிகளை வைத்துப் பொருத்திப் பாருங்கள், பாதியாவது தேறும். தளத்திலிருந்து ஏற்றியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். எந்த டிரோன், எத்தனை மாடி என்று பின்னூட்டத்தில் சொன்னால், எந்த உயரத்தில் நிறுத்தலாம் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.