ஆங்கிலத் துறையின் ஆய்வு வெளியீடுகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 'இம்பாக்ட் ஃபேக்டர் 7.8, ஐந்தே நாளில் வெளியீடு, கட்டணம் 1,500 ரூபாய்' என்று வாரம் ஒரு மின்னஞ்சலாவது வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலும் இப்போது இல்லை. நல்ல ஆய்விதழை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஆங்கில உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: அந்த மின்னஞ்சலிலேயே பாதி விடை இருக்கிறது. ஓர் இதழின் கட்டுரை சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகிறது என்று சொல்லும் எண்தான் இம்பாக்ட் ஃபேக்டர். ஆய்வுலகம் ஏற்கும் அந்த எண்ணைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். கலை, இலக்கியத்துக்கான அதன் மேற்கோள் பட்டியலில் உள்ள இதழ்களுக்கு 2023இல்தான் அந்த எண்ணைக் கொடுக்கத் தொடங்கினார்கள். முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை மட்டுமே அது கணக்கில் எடுக்கும். இலக்கிய ஆய்வில் மேற்கோள் மெல்லத்தான் சேரும் என்பதால், தரமான இதழ்கள் பலவற்றில் அது 1ஐக்கூடத் தொடாது. ஆங்கில இலக்கிய இதழ் ஒன்று 7.8 என்று போட்டுக்கொண்டால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஐந்து நாள் என்பதும் அப்படித்தான். 7,000 சொல் கட்டுரையைத் துறை அறிந்த மதிப்பாய்வாளர்கள் இரண்டு பேர் படித்துக் குறிப்பெழுதி அனுப்ப மாதங்கள் ஆகும்.

அடுத்து ஐஎஸ்எஸ்என் எண்ணை, அதாவது இதழ்களுக்குத் தரப்படும் எட்டு இலக்க அடையாள எண்ணைப் பாருங்கள். அதன் எட்டாவது இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. 0378-5955 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 160 வரும். அதை 11ஆல் வகுத்தால் மீதி 6. 11இல் 6 போக 5. கடைசி இலக்கமும் 5. கழித்து வருவது 10 என்றால் 'எக்ஸ்' என்று போடுவார்கள், 11 என்றால் 0. கணக்கு உதைத்தால் எண் தவறாக அச்சாகியிருக்கும், அல்லது கற்பனை எண். சரியாக வந்தாலும் அதோடு திருப்தியடைய வேண்டாம். ஐஎஸ்எஸ்என் என்பது வண்டியின் பதிவு எண் மாதிரி. ஓட்டுபவருக்கு உரிமம் இருக்கிறதா என்று அது சொல்லாது.

பெரிய ஆபத்து நகல் இதழ்கள். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்து வேறொரு இணையதளம் நடத்துவார்கள். கூகுளில் முதலில் வருவதை நம்பாமல், ஐஎஸ்எஸ்என் போர்ட்டலிலோ ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தின் இதழ்ப் பட்டியலிலோ தேடி, அங்கே உள்ள பதிப்பாளர் பெயரோடு ஒப்பிடுங்கள். பழைய இதழ்கள் இரண்டைத் திறந்து, கட்டுரைகளின் டிஓஐ எண்களை (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான அடையாள எண்) சொடுக்குங்கள். அவை அதே கட்டுரைக்குப் போகாவிட்டால் அந்த இதழை விட்டுவிடலாம். ஷேக்ஸ்பியரும் சிமெண்ட் கலவையும் ஒரே இதழில் வந்தாலும் அப்படியே.

ஏற்கெனவே அனுப்பிவிட்டால், காப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, பணம் கட்டுவதற்கு முன்பே, திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவியுங்கள். வெளியாகிவிட்ட கட்டுரையை நல்ல இதழ் எடுத்துக்கொள்ளாது. அங்கே நீங்கள் இழப்பது பணத்தை மட்டுமல்ல, கட்டுரையையும்தான். 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலைக் கைவிட்ட யுஜிசி, இதழைத் தேர்வுசெய்யும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமும் விட்டுவிட்டது. ஆகவே மதிப்பாய்வாளர் குறிப்புகள் வந்த மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். மதிப்பாய்வு நடந்தது என்பதற்கு அவைதான் சான்று.

கேள்வி: யுஜிசி 2018 விதிகளின்படி கூட்டிப் பார்த்தால் எனக்கு ஆய்வு மதிப்பெண் 75 வருகிறது. நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தால் போதுமா? தனியாக எழுதிய கட்டுரை 4, இருவர் சேர்ந்து எழுதியது 1, நூல் இயல்கள் 2, மொழிபெயர்ப்பு நூல் 1, பட்டம் பெற்ற முனைவர் பட்ட மாணவர் 1.
– வாசகி, மதுரை

பதில்: கூட்டல் சரி, ஆனால் போதாது. இம்பாக்ட் ஃபேக்டருக்கான கூடுதல் மதிப்பெண்ணை விட்டுவிட்டால் மொழி, கலைத் துறைகளில் கட்டுரைக்கு 10. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது 7. நூல் இயலுக்கு 5, மொழிபெயர்ப்பு நூலுக்கு 8, பட்டம் பெற்ற மாணவருக்கு 10. ஆக 40+7+10+8+10, மொத்தம் 75. குறைந்தது மூன்று வகைகளிலிருந்து மதிப்பெண் வர வேண்டும் என்ற நிபந்தனையும் நிறைவேறுகிறது. ஆனால் 75ஓடு, மதிப்பாய்வு நடக்கும் அல்லது யுஜிசி பட்டியலிட்ட இதழ்களில் 7 வெளியீடுகளும் வேண்டும். உங்களிடம் இருப்பவை 5. நூல் இயல் மதிப்பெண் தரும், இதழ்க் கட்டுரையின் இடத்தை நிரப்பாது. இந்த இடத்தில் சறுக்குபவர்கள் பலர்.

மூன்று பேர் சேர்ந்து எழுதினால் முதன்மை ஆசிரியருக்கு 7, மற்றவர்களுக்கு 3. நெறியாளர் ஒரு வரிகூட எழுதாமல் மாணவர் கட்டுரையில் பெயர் சேர்ப்பது மாணவரின் 10ஐ 7 ஆக்குகிறது, சில நேரம் 3 ஆகவும். இலக்கியத் துறையில் தனியாக எழுதுவதுதான் மரபு. அதைக் காப்பாற்ற வேண்டியவர் நெறியாளர்தான்.

கேள்வி: தமிழ் நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் என்ன செய்ய வேண்டும்?
– கல்லூரி ஆசிரியர், ஈரோடு

பதில்: முதலில் உரிமை. எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் காப்புரிமை இருக்கும். அதற்குள் என்றால் எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ எழுத்து வழி அனுமதி வாங்குங்கள். எந்த மொழி, எந்த நாடுகள், மின்னூல் உண்டா என்று அதிலேயே இருக்கட்டும். நாட்டுடைமையான படைப்புக்கு அனுமதி தேவையில்லை. அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயர் வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். யுஜிசி ஆய்வு மதிப்பெண்ணில் 400 பக்க நாவலின் மொழிபெயர்ப்புக்கு 8, ஒரு கட்டுரைக்கு 10 என்ற கணக்கு நியாயமே இல்லை. ஆனாலும் செய்யுங்கள், நம் எழுத்தை வெளியே கொண்டுபோக இரு மொழியும் தெரிந்த ஆங்கில ஆசிரியர்களை விட்டால் ஆட்கள் குறைவு.

கேள்வி: துறையின் ஆண்டு மலரில் ஆசிரியர்களின் சாதனைகளைத் தொகுக்கிறோம். எந்தச் சொல்லை எங்கே போடுவது என்றே குழப்பம்.
– துறைத் தலைவர், கோவை

பதில்: வெளியானது, அச்சாகி வருவது, ஏற்கப்பட்டது என்று மூன்று நிலைகள் போதும். 'பரிசீலனையில்' இருப்பதைப் போடாதீர்கள். திரும்பி வந்தால் மலரில் உள்ளதை அழிக்க முடியாது. இணையத்தில் 2024இலும் அச்சிதழில் 2025இலும் வந்தால் இரண்டையும் குறித்து ஒரே முறை எண்ணுங்கள்.

விருதுகளில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' நாவல் 2024இல் புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்றது, அதே ஆண்டு அமெரிக்க தேசியப் புத்தக விருதையும் 2025இல் புலிட்சரையும் வென்றது. குறும்பட்டியல், வெற்றி இரண்டையும் 'விருதுகள்' என்று ஒரே வரியில் சேர்த்தால் அது பொய்யாகிவிடும். புலிட்சர் அமைப்பு இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களையும் வென்றவர்களையும் மட்டுமே அறிவிக்கிறது. விண்ணப்பம் அனுப்பியவர் தன்னைப் 'பரிந்துரைக்கப்பட்டவர்' என்று சொல்லிக்கொள்வதை அது ஏற்பதில்லை. உங்கள் மலரிலும் அப்படியே இருக்கட்டும்: விருதின் முழுப் பெயர், கொடுத்த அமைப்பு, ஆண்டு, எந்தச் சுற்று.