எல்லாரும் சொந்தம், யாரிடம் கடன் இல்லை என்பது?

கேள்வி: டி.கல்லுப்பட்டிக்கு அருகில் 180 வீடுகள் உள்ள கிராமம் எங்களுடையது. ஊரில் இருந்த ஒரே மளிகைக் கடைக்காரர் முடியாமல் போய்க் கடையை மூடிவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். கால் கிலோ வெல்லத்துக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. நடக்க முடியாத முதியவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர். மகளிர் குழுப் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் என்று 14 பேர் சேர்ந்து, சம்பளம் இல்லாமல் முறைவைத்துக் கடை நடத்தலாம் என்று பேசியிருக்கிறோம். ‘சொந்தபந்தமே கடன் கேட்டுக் கடையைத் தின்றுவிடும்’ என்கிறார் என் கணவர். எப்படித் தொடங்குவது? நிலைக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். சொந்தமாகக் கடை வைத்திருப்பவர், “பழைய பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அது அவர் பணம். உங்கள் கடையில் செவ்வாய்க்கிழமை காலை முறைக்கு உட்கார்ந்திருக்கும் பெண்ணால் தன் நாத்தனாரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? சொன்னால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோகும். சொல்லாவிட்டால் கல்லா காலியாகும். எது நடந்தாலும் அடுத்த மாதம் அந்தப் பெண் முறைக்கு வரமாட்டாள்.

ஆகவே கடன் கொடுக்கும் அதிகாரம் முறையில் இருப்பவர் கையில் இருக்கவே கூடாது. கடையில் ரொக்கம் மட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவுசெய்து கொட்டை எழுத்தில் எழுதி மாட்டுங்கள். கேட்பவரிடம் அந்தப் பெண் பலகையைக் காட்டினால் போதும். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் கைத்தொழிலாளர்களுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டுக் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சரக்குதான். அவர்களும் அன்றாடம் கூலியில் பிழைத்தவர்களே. ஆனாலும் கடன் கிடையாது என்பதில் உறுதியாக நின்றார்கள்.

இதோடு விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகும் வீடுகளில் சனிக்கிழமைதான் கூலி கைக்கு வரும். புதன்கிழமை பருப்பு தீர்ந்துபோனால் அந்த வீட்டுக்காரி எங்கே போவாள்? அவளுக்குக் கடன் வேண்டும்தான். அதைக் கொடுக்கும் பொறுப்பைக் கடையிலிருந்து பிரித்து மகளிர் குழுவிடம் ஒப்படையுங்கள். குழு தன் சேமிப்பிலிருந்து முந்நூறு, ஐந்நூறு என்று உறுப்பினருக்குச் சிறுகடன் போடட்டும். பணம் கடைக்கு வந்துவிடும். வசூல் குழுக் கூட்டத்தில் நடக்கும். கொடுத்து வாங்குவதில் குழுப் பெண்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. இன்னொரு வழி முன்பணம். சனிக்கிழமை கூலி வாங்கியதும் இருநூறு ரூபாய் கட்டிவைத்து வாரம் முழுவதும் கழித்துக்கொள்ளலாம். ஆதரவே இல்லாத ஒன்றிரண்டு முதியவர்களுக்கு ஊர் தனியாகப் பணம் ஒதுக்கட்டும். அதைக் கடை லாபத்தோடு கலக்காதீர்கள்.

அடுத்தது கணக்கு. இங்கே நீங்களே பெரிய பலம். பருப்பையும் முட்டையையும் இருப்புப் பதிவேட்டில் நாள் தவறாமல் எழுதிய கை உங்களுடையது. அந்தப் பழக்கத்தை மற்றவர்களுக்கும் பிடிக்கவையுங்கள். ஒவ்வொரு முறையும் கல்லாவில் 500 ரூபாய் சில்லறையோடு தொடங்கட்டும். முறை முடியும்போது, போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து எண்ணி, தொகையை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பத்து ரூபாய் குறைந்தால் ‘குறைவு 10’ என்று எழுதினால் போதும். கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். நல்லவர்கள்தான் அதைச் செய்வார்கள். ஆனால் எங்கே ஒழுகுகிறது என்பது அதனால் மறைந்துபோகும், அவர்களுக்கும் மெல்ல மெல்ல மனம் கசந்துவிடும்.

ஒழுகல் பெரும்பாலும் தராசில் இருக்கும். 50 கிலோ சர்க்கரை மூட்டையைக் கால் கிலோப் பொட்டலமாகக் கட்டினால் 200 வர வேண்டும். கை கொஞ்சம் தாராளமானால் 195தான் வரும். சர்க்கரையில் நிற்பதே கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் என்றால், அந்த மூட்டையின் லாபத்தில் பெரும்பங்கு போய்விட்டது. ஒரு மின்னணுத் தராசு வாங்கி, ஆண்டுதோறும் முத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 3,000 ரூபாய் விற்பனை, அதில் பத்து சதவீதம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 9,000 ரூபாய். மின்கட்டணம், வண்டிவாடகை, எலி கடித்தது, பூச்சி விழுந்தது எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். தொடக்கத்தில் சம்பளத்துக்கு வழியில்லை என்பது உண்மை. அதனாலேயே உழைப்பவர்களின் நேரத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். நாள் முழுவதும் திறக்க வேண்டாம். காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் போதும். ராச்டேல் கடையே முதலில் வாரத்தில் சில மாலைகளில் மட்டும்தான் திறந்தது. ஒரு முறைக்கு இருவர் என்றால் 14 பேருக்கும் ஆளுக்கு வாரம் இரண்டு முறை வரும். நடவு, அறுவடை, முகூர்த்த மாதங்கள், மாணவர்களின் தேர்வு ஆகியவற்றை முன்கூட்டியே குறித்து வைத்து மாற்று ஆளைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆசிரியர் கணக்கு எழுதுவார், மாணவர்கள் வண்டியில் சரக்கு எடுத்துவருவார்கள், பெருக்குவதும் புடைப்பதும் பொட்டலம் கட்டுவதும் பெண்கள் என்று பிரிந்துவிடக் கூடாது. வீட்டிலும் காட்டிலும் உழைத்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். எல்லா வேலையும் எல்லாருக்கும் சுற்றி வரட்டும். இங்கிலாந்தில் இன்று நூற்றுக்கணக்கான கிராமங்களில் ஊரார் சேர்ந்து கடை நடத்துகிறார்கள். தன்னார்வலர்களோடு சம்பளத்துக்கு ஒருவரையும் பலவற்றில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் கை கொஞ்சம் நிமிர்ந்ததும் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். குழுவில் வருமானம் இல்லாத ஒரு பெண்ணுக்கு அரைநாள் வேலை கொடுங்கள்.

சரக்கைக் குறைவாகத் தொடங்குங்கள். ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. அவற்றில் பணத்தை முடக்க வேண்டாம். உளுந்து, புளி, வத்தல், வெல்லம், தேங்காய், சோப்பு, நோட்டு, பேனா என்று அங்கே கிடைக்காததை வையுங்கள். உளுந்தும் வத்தலும் உங்களுக்கு விருதுநகரில் வாங்குவது வசதி; மற்ற பலசரக்குக்கு மதுரை கீழமாசி வீதி இருக்கிறது. எண்ணெயைப் பாக்கெட்டாக மட்டும் விற்க வேண்டும். அளந்து ஊற்ற விதியில் இடமில்லை. பீடி, சிகரெட் இல்லாமல் கடை ஓடாது என்று உங்களிடம் கட்டாயம் சொல்வார்கள். ஊர்ப் பிள்ளைகள் மிட்டாய்க்கு வந்து நிற்கும் கடையில் அது வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

பதிவுக்கு மலைக்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கம் என்றால் 25 பேர் வேண்டும். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சாதாரணச் சங்கமாகப் பதிவுசெய்ய ஏழு பேர் போதும். ஆனால் ஏற்கெனவே வங்கிக் கணக்கு உள்ள மகளிர் குழுக் கூட்டமைப்பின் பெயரில் தொடங்குவதுதான் எளிது என்பேன். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எவ்வளவு சிறிய கடைக்கும் கட்டாயம். ஜிஎஸ்டி வரம்பு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மின் இணைப்பு மட்டும் வணிகக் கட்டணத்தில் இருக்கட்டும்.

இடத்துக்கு வாடகை கொடுத்தால் கடை தாங்காது. ஊராட்சியின் கட்டடம் ஏதாவது பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வருகிற கிராம சபைக் கூட்டத்துக்கு 14 பேரும் போய், ரொக்க விதி, முறைப் பட்டியல், மாதக் கணக்கை ஊருக்குப் படித்துக்காட்டும் உறுதி மூன்றையும் எழுத்தில் கொடுத்துக் கட்டடத்தைக் கேளுங்கள். தீர்மானம் நிறைவேறினால் அதன் நகலைக் கையெழுத்தோடும் முத்திரையோடும் தாமதிக்காமல் வாங்கிவிடுங்கள்.