பயணத்திலும் கேம்பிங்கிலும் நல்ல காபி போட வசதியான வழி எது?

ஃபில்டர் காபிக்குப் பழகிய நாக்கு என்றால் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு டிகாஷன் இறங்கும் சின்ன எவர்சில்வர் ஃபில்டர், காற்றுப் புகாத டப்பாவில் பொடி, ஒரு பிளாஸ்க். இவ்வளவுதான். வெளியூரில் காபி சொதப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் டிகாஷன் இல்லை, பால்தான்.

வீட்டிலேயே கலந்து பிளாஸ்கில் ஊற்றி எடுத்துப் போகும் காபியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பால் சூட்டிலேயே கிடந்து கிடந்து ஒரு வாடை வந்துவிடும், பிளாஸ்க் மூடியிலும் அது ஏறிக்கொள்ளும். டிகாஷனைத் தனியாகக் கொண்டுபோங்கள். கிளம்பும் முன் இரவே கெட்டியாக இறக்கி, சர்க்கரை போடாமல், சின்ன எவர்சில்வர் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடிவிட்டால் மறுநாள் காலைக்குத் தாராளமாகத் தாங்கும். பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடையில் சர்க்கரை போடாமல் அரை கிளாஸ் சூடான பால் வாங்குங்கள். "அண்ணே, பால் மட்டும் போதும், காபித்தூள் வேணாம்" என்றால் கொடுத்துவிடுவார்கள். அதில் உங்கள் டிகாஷனை ஊற்றிக் குடித்துப் பாருங்கள், அதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் வராது.

கடை இல்லாத இடத்தில் பால் பவுடர். இதில் அவசரப்படுவதுதான் கட்டி தட்டுவதற்குக் காரணம். டம்ளரில் இரண்டு ஸ்பூன் குவித்துப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு ஸ்பூன் அளவுக்கு விட்டு, தோசை மாவு பதத்துக்கு வழுவழுவென்று குழைக்க வேண்டும். அப்புறம்தான் வெந்நீர், கடைசியாக டிகாஷன். தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள், டிகாஷனிலும் தண்ணீர் இருக்கிறது அல்லவா. டெய்ரி ஒயிட்னர் என்று விற்பதில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும். ருசி பார்த்துவிட்டு இனிப்பு சேர்க்கவும். பை கனத்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு 200 மில்லி டெட்ரா பேக் பால் இன்னும் நல்லது. உடைக்கும் வரை ஃபிரிட்ஜ் தேவையில்லை, உடைத்தால் அப்போதே தீர்த்துவிட வேண்டும்.

லாட்ஜ் அறையில் எலக்ட்ரிக் கெட்டில் இருந்தால் வேலை சுலபம். முதலில் ஒரு முறை தண்ணீர் கொதிக்கவிட்டுக் கொட்டிவிடுங்கள். தயவுசெய்து அதில் பால் காய்ச்சாதீர்கள், அடிப்பிடித்து அடுத்து வருபவருக்கு உபயோகமில்லாமல் போகும்.

ரயிலில் வெந்நீரோ பாலோ பேன்ட்ரியில் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் ஒரே வழி. சார்ஜர் பிளக்கில் கெட்டில் போடக் கூடாது. கேஸ் அடுப்பு அறவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ஒரு காபிக்காக அந்த ஆபத்தை யாரும் தேட வேண்டாம். விமானத்திலும் கேஸ் கேனைக் கைப்பையிலும் விட மாட்டார்கள், செக்-இன் பெட்டியிலும் விட மாட்டார்கள். போய்ச் சேரும் ஊரில்தான் வாங்க வேண்டும்.

மலையில் கேம்பிங் என்றால் ஒரு விஷயம் முக்கியம். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். ஊட்டி உயரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே தண்ணீரை ஆறவிடாமல், கொதிக்கக் கொதிக்கவே ஃபில்டரில் ஊற்ற வேண்டும். அதற்கு முன் வெறும் ஃபில்டரை ஒரு முறை வெந்நீரில் அலசிக்கொள்ளுங்கள். குளிர்ந்த உலோகம் சூட்டை இழுத்துக்கொண்டால் டிகாஷன் சோகையாக இறங்கும். மேல் அடுக்கு இறுகி உட்கார்ந்து சொட்டே விழவில்லை என்றால் லேசாகத் தூக்கி வையுங்கள், உள்ளே மாட்டிய காற்று வெளியேறியதும் இறங்க ஆரம்பிக்கும்.

ஏழெட்டுப் பேர் கூடினால் ஃபில்டரை நம்பிக் காத்திருக்க முடியாது. பழைய துணி வடிகட்டிதான் சரி. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, பொடியைப் போட்டு, ஒரு கிண்டு கிண்டி மூடிவைத்து நான்கு நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். பொடி போட்ட பிறகு கொதிக்கவிட்டால் கசப்பு ஏறும். லிட்டருக்கு 60 கிராம் பொடி என்றால் கறுப்புக் காபி. பால் சேர்ப்பதாக இருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம், அங்கே பிளாஸ்க் வெந்நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருவி வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். பால் இல்லாமல் குடிப்பவருக்கு ஏரோபிரஸ், அதாவது குழாயில் பொடியும் வெந்நீரும் போட்டுக் கையால் அழுத்திக் காபி இறக்கும் கருவி. ஆலன் ஆட்லர் என்ற அமெரிக்கர் உருவாக்கி 2005இல் விற்பனைக்கு வந்தது. பிளாஸ்டிக் என்பதால் உடையாது, இரண்டு நிமிடத்தில் காபி, சக்கை வட்டமாகக் கெட்டியாக வெளியே விழும், கழுவத் தண்ணீரே அதிகம் வேண்டாம். சிக்கரி கலந்த பொடி மட்டும் இதில் அடைத்துக்கொள்ளும். பாலோடு குடிப்பவருக்கு, கையில் சின்ன அடுப்பும் இருந்தால், மோக்கா பாட். அடியில் கொதிக்கும் தண்ணீர் ஆவியின் அழுத்தத்தில் பொடி வழியாக மேலேறிக் காபியாகும் பாத்திரம், 1933 முதல் இத்தாலியில் புழங்குகிறது. தண்ணீரைப் பக்கவாட்டு வால்வுக்குக் கீழே நிறுத்தி, பொடியை அழுத்தாமல் நிரப்பி, சிறு தீயில் வையுங்கள். இதிலும் சிக்கரி இல்லாத பொடிதான். கிட்டத்தட்ட நம் டிகாஷன் போலவே கெட்டியாக வரும். டம்ளர் வாயில் மாட்டி வெந்நீர் ஊற்றும், பொடி அடைத்த வடிகட்டிப் பையான டிரிப் பேக் மிக எளிது, ஆனால் பால் ஊற்றினால் நீர்த்துவிடும். பால் சேர்ப்பதானால் தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

பொடி எவ்வளவு எடுப்பது என்று பலரும் குழம்புவார்கள். ஒரு காபிக்கு 15 கிராம் என்று வையுங்கள். காலையும் மாலையுமாக ஒருவருக்கு மூன்று நாளைக்கு 100 கிராம் போதும். அதையும் ஒரே டப்பாவில் போடாமல் நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் கடைசி நாள் வரை மணம் இருக்கும். சக்கையை ஓடையில் கொட்டாமல் காலிப் பொட்டலத்திலேயே திருப்பிக் கொண்டுவந்துவிடலாம்.