இரவில் லேபிலிருந்து விடுதிக்கு நடக்கும்போது லைவ் லொகேஷன் நின்றுவிடுகிறது: பதில்

தோழிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் பாதி வழியில் உறைந்துபோகிறது என்கிறீர்கள். அநேகமாக பேட்டரி சேவர்தான் காரணம். திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் செயலிகளை அது முடக்கிவிடும். கிளம்பும் முன் அதை அணைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் வாட்ஸ்அப்புக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, லொகேஷன் அனுமதியை 'எப்போதும்' என்று வையுங்கள். லொகேஷனைப் பகிரும்போது, எவ்வளவு நேரத்துக்கு என்பதற்கு 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று தேர்வுகள் இருக்கும். பத்து நிமிட நடைதானே என்று 15 நிமிடத்தைத் தொடாதீர்கள். வழியில் யாரிடமாவது நின்று பேசினாலே தீர்ந்துவிடும். 1 மணி சரி.

ஆனால் மேப்பில் உங்கள் புள்ளி நகர்வதைத் தோழி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. தூங்கியும் போகலாம். அதனால், "11.20க்குள்ள ரூமுக்கு வந்துட்டேன்னு மெசேஜ் வரலைன்னா கூப்பிடு, எடுக்கலைன்னா செக்யூரிட்டிக்குச் சொல்லு" என்று நேரம் குறித்தே பேசிவையுங்கள். செக்யூரிட்டி அறையின் போன் எண் உங்கள் போனில் மட்டும் இருந்தால் பயனில்லை, அவர் போனிலும் வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

வழியில் லைப்ரரி பக்கம் இருட்டாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். "லைப்ரரி பக்கம் லைட் இல்லை" என்று புகார் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். விளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதைக் குறிப்பிட்டு, இரவில் எடுத்த படத்தோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.