வெள்ளக் காப்பீடு விட்டுப்போனால் வங்கி என்ன செய்யும்? – கேள்வி பதில்

அமெரிக்காவில் வெள்ள அபாயப் பகுதியில் வீடு வாங்கிக் கடன் கட்டிவரும் நம்மவர்கள் பலருக்கு, "உங்கள் ஃப்ளட் இன்சூரன்ஸ் இல்லை அல்லது போதவில்லை, 45 நாளில் சரிசெய்யுங்கள்" என்று கடிதம் வருகிறது. அது பற்றிய கேள்விகளுக்கு, கடன் சர்வீசிங் நிறுவனம் (தவணையை வசூலித்துக் கடன் கணக்கைக் கவனிப்பவர், சுருக்கமாக சர்வீசர்) ஒன்றின் இன்சூரன்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

ஹூஸ்டனிலிருந்து: அண்ணா, ஊருக்குப் போயிருந்தப்ப ரின்யூவல் நோட்டீஸைக் கவனிக்கல. பாலிசி முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. பேங்க் 45 நாள் கொடுத்திருக்கு. மெதுவா பார்க்கலாமா?

வேண்டாம், இன்றைக்கே கட்டிவிடுங்கள். 45 நாள் என்பது வங்கி கொடுக்கும் கெடு. உங்கள் பாலிசி என்.எஃப்.ஐ.பி. எனும் அரசுத் திட்டத்தில் இருந்தால் அதற்கு வேறு கெடு: முடிந்த தேதியிலிருந்து 30 நாள். அதற்குள் பணம் போய்ச் சேர்ந்தால் இடைவெளியே விழாமல் பாலிசி தொடரும். தாண்டினால் புது வாடிக்கையாளர் கணக்காகிவிடலாம். பழைய பாலிசிதாரரின் குடியிருக்கும் வீட்டுக்குப் பிரீமியத்தை வருடம் 18 சதவீதத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்ற முடியாது. 2021-இல் வந்த புது விலைமுறையில் பலர் இன்னும் முழு விலைக்கு வந்து சேராமல் படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கிறார்கள். பாலிசியை விட்டால் அந்தச் சலுகை போய், முழு விலை ஒரேயடியாக வரலாம். 45-ஐ நம்பி 30-ஐக் கோட்டை விட்டவர்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகிறார்கள்.

45 நாள் முடிஞ்சா பேங்கே நிஜமாவே ஒரு ஃப்ளட் பாலிசி வாங்கி நம்மகிட்ட காசு கேக்குமா? இல்ல சும்மா மிரட்டலா?

வாங்கியே ஆகவேண்டும். வெள்ளக் காப்பீட்டுச் சட்டத்தின் 1994 திருத்தம் வங்கிக்கு வேறு வழி வைக்கவில்லை. வாங்காவிட்டால் அபராதம் வங்கிக்கு. இதைத்தான் ஃபோர்ஸ் பிளேஸ்மென்ட் என்கிறோம். 2012 சட்டத்துக்குப் பிறகு இன்னொன்றும் உண்டு: பாலிசி முடிந்த நாளிலிருந்தே, அதாவது அந்த 45 நாளையும் சேர்த்தே, பிரீமியத்தை உங்கள் தலையில் போடலாம்.

அப்படி வாங்கினதுக்கு எங்க பழைய பிரீமியத்தைவிட ரொம்ப அதிகமா பில் வந்திருக்கு. அதுல எங்களுக்கு என்ன கிடைக்கும்?

சொற்பம். அது வங்கியின் கடன் பணத்தைக் காப்பாற்ற எடுத்த பாலிசி. கட்டடத்துக்கு மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். தண்ணீர் புகுந்தால் சோபா, ஃபிரிட்ஜ், துணிமணி எதற்கும் காசு வராது.

எடிசனிலிருந்து: சார், வீட்டை 6,20,000 டாலருக்கு வாங்கினோம். கடன் பாக்கி 3,10,000. ஃப்ளட் பாலிசி 1,80,000-க்கு இருக்கு. பேங்க் 2,50,000 கேக்குது. இந்தக் கணக்கு எங்கிருந்து வருது?

மூன்று எண்களை எடுத்து அதில் எது சிறியதோ அதைக் கேட்பார்கள். ஒன்று, கடன் பாக்கி. இரண்டு, அரசுத் திட்டத்தின் உச்சவரம்பு. ஒன்று முதல் நான்கு குடும்பம் வசிக்கும் வீட்டுக்கு 2,50,000 டாலர். மூன்று, கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. மனைக்கு மதிப்பு கிடையாது, மண்ணை வெள்ளம் அடித்துப் போனாலும் இன்சூரன்ஸ் தராது. அதனால் நீங்கள் வாங்கிய விலைக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை.

உங்களுக்கு மறுகட்டுமானச் செலவு 2,80,000 என்று வைப்போம். 3,10,000, 2,50,000, 2,80,000 மூன்றில் சிறியது 2,50,000. பற்றாக்குறை 70,000. நீங்கள் சரிசெய்யாவிட்டால் வங்கி அந்த 70,000-க்கு மட்டும் பாலிசி எடுத்தால் போதும்; முழுத் தொகைக்கும் புதிதாக எடுத்துப் பில் போட்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

வங்கி எடுத்த மறுகட்டுமானத் தொகை எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். அது நிஜத்தில் 2,10,000-தான் என்று மதிப்பீட்டாளரின் தாளைக் காட்ட முடிந்தால் தேவையும் அவ்வளவுதான். வீட்டின் மேல் ஹோம் ஈக்விட்டி கடனும் இருந்தால் அதையும் பாக்கியோடு கூட்டிக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் தனியாக நிற்கும் ஷெட், யாரும் குடியிருக்காதது என்றால், 2014-க்குப் பிறகு சட்டம் அதற்குக் கேட்பதில்லை.

நான் தனியார் கம்பெனி பாலிசி வெச்சிருக்கேன், ஒருநாள்கூட விடல. இருந்தும் பேங்க் தனியா வாங்கிப் பில் போட்டுட்டாங்க. பணம் திரும்புமா?

திரும்பும். பாலிசியின் டிக்ளரேஷன் பக்கத்தை (பாலிசி விவரச் சுருக்கம் இருக்கும் முதல் தாள்) அனுப்புங்கள். பாலிசி எண்ணும், கம்பெனி அல்லது ஏஜென்ட் பெயரும் தொடர்பு விவரமும் அதில் இருந்தால் வங்கி அதைச் சான்றாக ஏற்கவேண்டும். கையில் கிடைத்த 30 நாளுக்குள் தாங்கள் எடுத்ததை ரத்துசெய்து, இரண்டு பாலிசியும் சேர்ந்து ஓடிய காலத்துக்கான பிரீமியம், கட்டணம் எல்லாவற்றையும் திருப்பித் தரவேண்டும். நடுவில் நிஜமாகவே பாலிசி இல்லாத நாட்கள் இருந்தால் அந்தக் காசு திரும்பாது.

"தனியார் பாலிசி செல்லாது" என்று யாராவது சொன்னால் அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தின் வரையறைக்குள் வரும் தனியார் பாலிசியை 2019 ஜூலை 1 முதல் வங்கிகள் ஏற்றாக வேண்டும். அந்த வரையறைக்குப் பொருந்துகிறது என்று பாலிசியிலேயே ஒரு வாசகம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வாக்குவாதம் மிச்சம்.

ஆனால் உங்கள் மாதிரி கேஸில் நான் முதலில் பார்ப்பது டிக்ளரேஷன் பக்கத்தில் மார்ட்கேஜி, அதாவது கடன் கொடுத்தவர், என்ற வரியைத்தான். கடன் கைமாறியிருக்கும், அந்த வரியில் பழைய சர்வீசர் பெயரே நிற்கும், கடன் எண்ணும் பழையதாக இருக்கும். ரின்யூவல் தாள் பழைய விலாசத்துக்குப் போய்க் கிடக்க, புதியவர் கண்ணுக்கு நீங்கள் பாலிசியே இல்லாதவர். கடன் கைமாறியதாகக் கடிதம் வந்த அன்றே ஏஜென்டைக் கூப்பிட்டு அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள்.

புதுசா ஃப்ளட் பாலிசி எடுத்தா 30 நாள் கழிச்சுத்தான் அமலுக்கு வருமாமே? அதுக்குள்ள 45 முடிஞ்சிடுமே?

அந்தக் காத்திருப்பு உங்களுக்குப் பொருந்தாது. அபாயப் பகுதி வீட்டுக்குக் காப்பீடு இல்லை என்று கடன் கொடுத்தவர் கண்டுபிடித்துக் கேட்டால், விண்ணப்பமும் பணமும் கொடுத்ததுமே அரசுப் பாலிசி அமலுக்கு வரும். வங்கிக் கடிதத்தை ஏஜென்டிடம் காட்டுங்கள்.

எஸ்க்ரோல (பிரீமியம், வரி கட்டறதுக்குன்னு தவணையோட சேர்த்துப் பிடிக்கற கணக்கு) மாசாமாசம் பிடிக்கறாங்க. பிரீமியம் கட்டாம விட்டது அவங்க. அபராதம் எங்களுக்கா?

கடன் தவணை நிலுவையில்லாமல் கட்டிவந்திருந்தால், எஸ்க்ரோ பணத்தை நேரத்துக்குக் கட்டுவது சர்வீசர் பொறுப்பு. தொலைபேசியில் பேசி நேரத்தை வீணாக்காமல் எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஹோம்ஓனர்ஸ் பாலிசி (சாதாரண வீட்டு இன்சூரன்ஸ்) விட்டப்ப ரெண்டு தடவை கடிதம் வந்துச்சு. ஃப்ளட்டுக்கு ஒண்ணுதானே வந்தது?

ஹோம்ஓனர்ஸுக்குப் பின்னால் நினைவூட்டல் ஒன்றும் அனுப்ப வேண்டும் என்பது வேறு விதி. வெள்ளக் காப்பீடு அதில் வராது. சட்டப்படி ஒன்று போதும், அதைக் குப்பையோடு போட்டுவிடாதீர்கள்.

எங்க வீடு மேட்டுலதான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஃபீமாகிட்ட (வெள்ள வரைபடம் போடற அரசு அமைப்பு) 'இந்த வீடு அபாயப் பகுதியில இல்ல'ன்னு கடிதம் வாங்கி இன்சூரன்ஸையே நிறுத்திட்டார். நாங்களும் நிறுத்தலாமா?

சர்வேயரை வைத்து உயரம் அளந்து விண்ணப்பித்தால் உங்களுக்கும் கிடைக்கலாம். கடிதம் கைக்கு வந்து வங்கியும் ஒத்துக்கொள்ளும்வரை பாலிசியை நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். சட்டம் கேட்காவிட்டாலும் வங்கி தன் விருப்பத்தில் கேட்கலாம். 2017-இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் அபாயப் பகுதிக்கு வெளியே எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்தது. நான் என்றால் பாலிசியை வைத்துக்கொள்வேன்.

காண்டோ (அடுக்குமாடியில ஒரு யூனிட்) வெச்சிருக்கோம். அசோசியேஷன்கிட்ட ஃப்ளட் பாலிசி இருக்கு. அப்புறமும் எனக்கு ஏன் கடிதம்?

அசோசியேஷன் பாலிசி மொத்தக் கட்டடத்துக்குப் போதாமல் இருக்கலாம். அவர்கள் தொகையை உயர்த்தாவிட்டால், உங்கள் யூனிட் கணக்கில் விழும் குறையை நீங்களே தனிப் பாலிசி எடுத்து நிரப்ப வேண்டும். முதலில் மேனேஜரிடம் அவர்களுடைய டிக்ளரேஷன் பக்கத்தை வாங்கி வங்கிக்கு அனுப்புங்கள். போன வருடத்துத் தாளை வைத்துக்கொண்டு வங்கி கடிதம் போடுவதும் நடக்கிறது. நிஜமாகவே குறை என்றால், மற்ற யூனிட்காரர்களுக்கும் இதே கடிதம் வந்திருக்கும். எல்லோரும் சேர்ந்து அசோசியேஷனையே உயர்த்தச் சொல்லிக் கேட்பது உங்களுக்கு மலிவாக முடியும்.